யாருக்கு மைக்? – பலதட ஒலிப்பதிவின் வரலாற்றை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

"தம்பி, எங்கம்மா குரலு இதுல எங்க இருக்கு?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாமல் போனதுதான் இக்கட்டுரைக்கான காரணம். சில வருடங்களுக்கு முன் ஒப்பாரி பாடும் நான்கு பெண்களையும் பறையடிக்கும் இரண்டு பேரையும் ஒலிப்பதிவு செய்தேன். என்னிடமிருந்தது இரண்டே மைக் செருகக்கூடிய ஒரு சிறிய பெட்டி. ஒரு மைக்கை அடியெடுத்துக் கொடுக்கும் பெண்ணுக்கு வைத்தேன். இன்னொன்றைப் பறைக்கு வைத்தேன். மற்ற மூன்று பெண்களைப் பற்றி யோசிக்காமல் இல்லை. 'கூடப் பாடுறவங்கதானே, எப்படியும் மைக்குல விழுந்துடும்' என்று யோசித்தேன். அந்த மூவரில் ஒருவர் இரண்டு வருடம் கழித்து இறந்துபோனார். ஊருக்கெல்லாம் ஒப்பாரி பாடியவர். கருமாதி முடிந்த மறுவாரம் அவருடைய மகள் என்னைத் தேடி வந்தார். பதிவை முழுக்கக் கேட்டுவிட்டு அவர் கேட்டதுதான் மேலே இருப்பது.

இப்போது, கலந்துபோன ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் மென்பொருட்கள் வந்துவிட்டன. ஜான் லெனன் வீட்டில் பியானோ வாசித்தபடி காசெட்டில் பாடி வைத்திருந்த குரலை இப்படிப் பிரித்தெடுத்துத்தான் 2023இல் பீட்டில்ஸின் கடைசிப் பாட்டு என்று ஒன்றை வெளியிட்டார்கள். நானும் அப்படியொரு மென்பொருளில் என் பதிவைப் போட்டுப் பார்த்தேன். அது ஒலியை நான்கு கூடைகளில் பிரித்துப் போட்டது: குரல், தாளம், பாஸ், மற்றவை. நான்கு பெண்களும் 'குரல்' என்ற ஒரே கூடைக்குள். பறையில் பாதி தாளத்திலும் பாதி 'மற்றவை'யிலும் கிடந்தது. மேற்கத்திய பாப் பாட்டின் அமைப்பையே இசையின் அமைப்பாகக் கற்றுக்கொண்ட கருவி, தனக்குப் பிடிபடாததையெல்லாம் 'மற்றவை' என்று ஒதுக்குவதில் ஆச்சரியமில்லை. 'பிறன்' குறித்து நாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். ஆனால் இங்கே மென்பொருளைக் குற்றம் சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. மைக் வைத்த அந்தக் கணத்திலேயே மூன்று பெண்களை 'மற்றவை' ஆக்கியவன் நான்.

ஆகவே வேறு பெட்டி வாங்குவதென்று முடிவு செய்தேன். ஆடியோ இன்டர்ஃபேஸ் என்பது இதற்குப் பெயர். மைக்கிலிருந்து வரும் மெலிந்த மின்னோட்டத்தைப் பெருக்கி, எண்களாக மாற்றிக் கணினிக்குள் அனுப்புகிற பெட்டி. கடையில் போய் நின்றதும் கேட்ட முதல் கேள்வி: "எத்தனை சேனல் சார் வேணும்?" இது தொழில்நுட்பக் கேள்விதான். ஆனால், யாருக்குத் தனியாகக் காது கொடுப்பது, யாரைக் கூட்டத்தோடு கூட்டமாக விடுவது என்ற கேள்வியும் அதற்குள் இருக்கிறது. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் வரலாறும் இருக்கிறது.

2

1877இல் எடிசன் செய்த இயந்திரத்துக்கு ஒரே ஒரு காது. 1925 வாக்கில் மைக்கும் மின்சாரமும் பதிவுக்கூடத்துக்குள் வரும்வரை அந்த நிலையில் பெரிய மாற்றமில்லை. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு புனல். பாடுகிறவர், வாசிக்கிறவர் எல்லோரும் அதற்கு முன்னால் நெருக்கியடித்து நிற்க வேண்டும். சத்தமான கருவி பின்னால், மெல்லிய கருவி முன்னால். பாடகர் உச்சத்துக்குப் போகும்போது தலையைப் பின்னால் இழுத்துக்கொள்ள வேண்டும். வயலின் சத்தம் போதவில்லை என்பதால் மரக்கூட்டுக்குப் பதில் உலோகப் புனல் பொருத்திய ஸ்ட்ரோ வயலின் என்ற ஒன்றையே உண்டாக்கினார்கள். இன்று விரல் நுனியில் நகர்த்துகிற 'கலவை' அன்றைக்கு உடல்களை நகர்த்துவதாக இருந்தது. புனலிலிருந்து எவ்வளவு தூரம் என்பதே ஒருவருடைய இருப்பின் அளவு.

கிராமஃபோன் கம்பெனி அனுப்பிய ஃப்ரெட் கெய்ஸ்பர்க் 1902 நவம்பரில் கல்கத்தாவில் கவுஹர் ஜானைப் பதிவு செய்தார். பாட்டின் கடைசியில் அவர் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்கிறார். மூலத்தட்டு ஜெர்மனியிலுள்ள ஹானோவருக்குப் போய் அங்கேதான் அச்சாக வேண்டும். அங்குள்ள தொழிலாளிக்கு இது யார் பாட்டு என்று தெரிவதற்கான ஏற்பாடு என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள். இந்தியப் பெண்ணின் குரல் இயந்திரத்துக்குள் நுழைந்த அந்தத் தருணம், தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்ட தருணமாகவும் இருந்தது. தென்னிந்தியாவிலும் கோயம்புத்தூர் தாயி, சேலம் கோதாவரி என்று தேவதாசி மரபிலிருந்து வந்த பெண்களே முதல் இசைத்தட்டுகளில் முன்னணியில் இருந்தார்கள். கர்நாடக சங்கீதத்தின் பிற்கால வரலாறு இவர்களை எப்படி ஓரங்கட்டியது என்பது தனிக் கதை.

நான் கேட்பது வேறு. அந்தத் தட்டுகளில் அவர்களுக்குப் பின்னால் வாசித்தவர்கள் யார்? லேபிளில் பெரும்பாலும் பாடியவர் பெயர் மட்டும்தான். ஒற்றைக் காது ஒற்றைப் பெயரைத்தான் கேட்கிறது. இருந்தாலும் அந்த ஒற்றைப் புனலுக்கு ஒரு குணம் உண்டு. எல்லோரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில், ஒருவர் மூச்சு இன்னொருவர் மேல் படும்படி நின்றார்கள். தப்பு வந்தால் எல்லோருக்கும் தப்பு. மறுபடி முதலிலிருந்து எல்லோரும். இதைப் பிறகு இழந்தோம்.

3

காந்த நாடாவின் பிறப்பு சுத்தமான வரலாறு இல்லை. ஏஇஜி நிறுவனத்தின் மேக்னட்டோஃபோன் 1935இல், ஹிட்லர் ஆட்சியில், பெர்லின் வானொலிக் கண்காட்சியில் காட்டப்பட்டது. போர் முடிந்ததும் ஜாக் மலின் என்ற அமெரிக்க ராணுவப் பொறியாளர் இரண்டு இயந்திரங்களைப் பிரித்துத் துண்டு துண்டாக ஊருக்கு அனுப்பி வைத்தார். 1947இல் பாடகர் பிங் கிராஸ்பி தன் வானொலி நிகழ்ச்சியை நாடாவில் பதிவு செய்ய ஆரம்பித்தார். நாடாவை வெட்டலாம், ஒட்டலாம். அதாவது காலத்தையே வெட்டி ஒட்டலாம்.

கிதார் கலைஞர் லெஸ் பால் இதில் அடுத்த அடியை எடுத்து வைத்தார். 1957இல் ஆம்பெக்ஸ் கம்பெனி ஏறக்குறைய 10,000 டாலருக்கு எட்டுத் தடங்கள் கொண்ட ஒரு இயந்திரத்தை அவருக்குச் செய்து கொடுத்தது. ஒரு அங்குல அகல நாடாவில் பக்கம் பக்கமாக எட்டுத் தடம். ஒரு தடத்தில் பாடியதைக் கேட்டுக்கொண்டே இன்னொரு தடத்தில் வாசிக்கலாம். கேட்கும் முனையும் பதியும் முனையும் தள்ளித் தள்ளி இருந்தால் தாளம் பிந்திப்போகும். அதனால் பதியும் முனையையே மற்ற தடங்களுக்குக் கேட்கும் முனையாகவும் பயன்படுத்தினார்கள். சின்ன மாற்றம்தான். ஆனால் இதற்குப் பிறகு, சேர்ந்து பாடுகிறவர்கள் சேர்ந்து இருக்க வேண்டியதில்லை. இன்றைக்கு நான் பாடலாம், அடுத்த மாதம் நீங்கள் தாளம் போடலாம். நாம் சந்திக்காமலே 'நமது பாட்டு' உருவாகலாம்.

அப்படியானால் அதைச் சேர்த்துவைப்பவர் யார்? அதிகாரம் இங்கேதான் இடம் மாறுகிறது. புனல் காலத்தில் அது அறைக்குள், வெளிப்படையாக, 'நீ பின்னால போ' என்பதாக இருந்தது. பலதடக் காலத்தில் அது கண்ணாடிக்குப் பின்னால் போய்விட்டது. பாடியவர் வீட்டுக்குப் போன பிறகு, கலவை மேசையில் ஒரு விரலை இறக்குவதன் மூலம் அவரைப் பின்னால் அனுப்பிவிட முடியும். அவருக்கே தெரியாது.

நம்முடைய விமர்சனத்தில் பல்குரல்தன்மை என்ற சொல் அதிகம் புழங்கியது. பாக்தின் 1929இல் தஸ்தயேவ்ஸ்கி பற்றிய நூலில் முன்வைத்த கருத்து அது: ஆசிரியனின் குரலுக்குக் கீழ்ப்படியாத குரல்கள், ஒன்றோடொன்று மோதி, ஒன்றுக்கொன்று பதில் சொல்லி நிற்பது. பலதடப் பதிவைப் பார்த்ததும் 'ஆகா, இதுதான் பல்குரல்' என்று சொல்லத் தோன்றும். ஆளுக்கொரு தடம் இருக்கிறதே. ஆனால் அந்தத் தடங்கள் ஒன்றையொன்று கேட்பதில்லை. எல்லாவற்றையும் ஒருசேரக் கேட்பவர் மேசையில் உட்கார்ந்திருக்கும் அந்த ஒருவர்தான். குரல்களின் எண்ணிக்கை கூடியதனால் மட்டும் ஆசிரியன் செத்துவிடவில்லை. முன்னைவிட வசதியாக உட்கார்ந்திருக்கிறான்.

4

அடுத்த கட்டம் வீடு. 1979இல் டாஸ்காம் கம்பெனியின் போர்ட்டாஸ்டுடியோ 144 வந்தது. சாதாரண காசெட்டின் இரண்டு பக்கத்தையும் ஒரே திசையில், இரட்டை வேகத்தில் ஓட்டி நான்கு தடம். 1982 ஜனவரியில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நியூஜெர்ஸியில் தன் வீட்டு அறையில் இந்தப் பெட்டியையும் இரண்டு மைக்குகளையும் வைத்துத் தனியாகப் பாடியவைதான் அந்த வருடமே 'நெப்ராஸ்கா' என்ற ஆல்பமாக வெளிவந்தன. 1992இல் கடைக்கு வந்த அலெஸிஸ் அடாட் என்ற இயந்திரம், வீடியோ காசெட்டில் எட்டுத் தடங்களை எண்முறையில் பதிந்தது. விலை சுமார் 4,000 டாலர். லெஸ் பால் 10,000 கொடுத்த அதே எட்டு. நம் பக்கத்தில், 1989இல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டோடு ஒட்டி ஏ.ஆர். ரஹ்மான் அமைத்த பஞ்சதன் ஸ்டுடியோவும், 1992இல் வந்த 'ரோஜா'வும் இதே காலத்தவை. பெரிய கூடத்தில் வாத்தியக்குழு முழுவதும் ஒன்றாக உட்கார்ந்து வாசித்த சினிமாப்பாட்டின் காலம் அதோடு தேயத் தொடங்கியது.

ழாக் அத்தாலி 1977இல் எழுதிய 'இரைச்சல்' என்ற நூலில், இசை அதிகாரத்தின் வரலாற்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது என்றார். சந்தைக்காக நகலெடுக்கும் கட்டத்துக்கு அப்பால், அவரவர் தமக்காகவே இசை செய்துகொள்ளும் கட்டமொன்றை அவர் கற்பனை செய்தார். வீட்டு ஸ்டுடியோ அந்தக் கனவின் ஒரு பாதி. உற்பத்திக்கருவி உண்மையிலேயே மலிவாகி மக்கள் கைக்கு வந்தது. யாரும் இதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் 'மக்கள்' என்பது இங்கே எப்படிக் கட்டமைக்கப்பட்டது? தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, தன்மேல் தன்னையே அடுக்கிக்கொள்கிற ஒரு ஆள். கடைகளில் இன்று குவிந்து கிடப்பது இரண்டு மைக் செருகும் பெட்டிதான்: ஒன்று வாய்க்கு, ஒன்று கிதாருக்கு. அது வெறும் பெட்டி அல்ல, மனிதர் என்றால் யார் என்பது பற்றிய ஒரு கருத்தியல். ஒப்பாரிக்கு அதில் இடமில்லை. ஒப்பாரி ஒரு ஆள் செய்கிற காரியமில்லை.

5

சரி, பெட்டி விஷயத்துக்கு வருவோம். நான் கணக்குப் போட்டது இப்படி. நான்கு பெண்கள், இரண்டு பறை, அறையின் மொத்த ஒலிக்கு இரண்டு. ஆக எட்டு மைக்.

முதலில் பெட்டியின் மேலிருக்கும் எண்ணை நம்பக்கூடாது. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 18ஐ20 என்று ஒன்று இருக்கிறது. 18 உள்ளே, 20 வெளியே என்பது பொருள். ஆனால் நேராக மைக் செருகும் இடம் எட்டுதான். இன்னொரு எட்டு, ஒளியிழை வழியாக வருவது. மீதி இரண்டு வேறொரு எண்முறை இணைப்பு. பெரிங்கரின் யுஎம்சி1820இலும் இதே கணக்குதான். அந்த ஒளியிழை இணைப்புக்கு இன்றும் 'அடாட்' என்றே பெயர். வீடியோ காசெட் இயந்திரம் செத்துவிட்டது, அதன் எட்டு மட்டும் உயிரோடு இருக்கிறது. பிறகு எட்டு மைக் பெருக்கி ஒன்றை வாங்கி அந்தத் துளையில் சேர்த்தால் பதினாறாகிவிடும். ஒலிமாதிரி எடுக்கும் வேகத்தை 48,000இலிருந்து 96,000 ஆக்கினால் அந்த எட்டு நான்காகச் சுருங்கிவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

'நாலு சின்னப் பெட்டி வாங்கினா எட்டாயிடுமே, விலையும் கம்மி' என்று ஒரு நண்பர் சொன்னார். ஆகாது. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. இரண்டு கடிகாரங்கள் ஒரு லட்சத்தில் ஐந்து பங்கு வேறுபட்டால்கூட ஒரு மணி நேரத்தில் 0.18 நொடி விலகிவிடும். அடியும் எதிரடியும் பிசகிப்போக அது தாராளம். எட்டுக் குரலும் ஒரே கடிகாரத்தில் நடக்க வேண்டும்.

மூன்றாவது, தாமதம். விளம்பரங்களில் பெரிதாகப் பேசப்படும் எண் இது. 48,000 வேகத்தில் 128 மாதிரிகள் சேர்த்து அனுப்பினால் ஒவ்வொரு திசைக்கும் 2.7 மில்லிநொடி தாமதம். காற்றில் ஒலி கிட்டத்தட்ட ஒரு மீட்டர் கடக்கும் நேரம். தன் பழைய குரலைக் கேட்டுக்கொண்டே அதன்மேல் பாடுகிறவருக்கு இது முக்கியம். எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பாடுகிறவர்களுக்கு இந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. அதற்காகக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை என்று தீர்மானித்தேன்.

நான்காவது, பெருக்கும் திறன். பறைக்குக் கிட்டத்தட்ட எதுவுமே பெருக்க வேண்டாம். விம்மலில் தணியும் குரலுக்கு முழுக்கத் திருப்ப வேண்டும். 24 பிட் பதிவில் கீழே நிறைய இடம் இருக்கிறது. உச்சத்துக்கு 12 டெசிபெல் இறக்கியே பதியலாம், பறை வெடித்தாலும் எண் உடையாது. சிலவகை மைக்குகளுக்குப் பெட்டியே 48 வோல்ட் மின்சாரம் கொடுக்க வேண்டும். இந்த 48க்கும் ஒரு கதை உண்டு: 1966இல் நார்வே வானொலிக்காக நாய்மன் கம்பெனி மைக் செய்தபோது, அந்த ஸ்டுடியோக்களில் அவசரகால விளக்குகளுக்காக ஏற்கனவே 48 வோல்ட் இணைப்பு இருந்தது. நார்வேக்காரர்களின் விளக்கு வோல்டேஜ் உலகத்துக்கே நியமமாகிவிட்டது. எங்கோ ஓரிடத்தின் சௌகரியம் எப்படி 'உலகளாவியது' ஆகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

கடைசியாக, கம்பி. 2001இல் வந்த மோட்டு 828 போன்ற பெட்டிகள் ஃபயர்வயர் வழியாகக் கணினியோடு பேசின. இன்றைய புதிய கணினிகளில் அந்தத் துளையே கிடையாது. நல்ல பெட்டிகள் அனாதையாகிப் பழைய சாமான் விலைக்குப் போகின்றன. எட்டு சேனலுக்கு நொடிக்கு 9.2 மெகாபிட் போதும். 2000இல் வந்த யுஎஸ்பி 2.0வே 480 வரை தாங்கும். புதிய கம்பி என்று யாராவது ஆசை காட்டினால் இந்தக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். கேட்டுப் பார்த்து, எட்டு மைக் செருகும் யுஎஸ்பி பெட்டி ஒன்றை ஏற்கனவே பயன்படுத்தியவரிடமிருந்து வாங்கினேன்.

6

பெட்டி வந்ததோடு பிரச்சினை தீரவில்லை. நான் குடியிருப்பது மாடியில் ஒரு வாடகை அறை. விஷயம் தெரிந்ததும் வீட்டுக்காரர், "சாவு விழாத வீட்டுல ஒப்பாரி பாடக்கூடாதுங்க" என்றார். அது ஒரு நம்பிக்கைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் யார் படியேறி வரப்போகிறார்கள் என்று விசாரித்த பிறகுதான் அந்த நம்பிக்கை அவருக்கு ஞாபகம் வந்தது. எந்த இன்டர்ஃபேஸிலும் இதற்கு ஒரு திருகு இல்லை. பறையைச் சாவுத்தொழிலிலிருந்து மீட்டு மேடையேற்றியதும், சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று மறுத்ததும் இரண்டுமே 1990களின் தலித் அரசியலில் போராட்டங்களாக இருந்தன. பதிவு செய்கிறேன் என்று போகிற என்னைப் போன்றவர்கள் அந்த விவாதத்துக்கு வெளியே நிற்பதாக நினைத்துக்கொள்வது வசதியான பொய். 'வீட்டு ஸ்டுடியோ' என்றால் யாருடைய வீடு?

அவர்கள் குடியிருப்பின் சமுதாயக் கூடத்துக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். இறந்துபோனவர் இடத்தில் அவருடைய மகள் பாட வந்தார். ஒருவர் குரல் இன்னொருவர் மைக்கில் விழாமலிருக்க ஆளுக்கு ஆறடி தள்ளி உட்காரச் சொன்னேன். ஒருவராலும் பாட முடியவில்லை. மூத்தவர் சொன்னார்: "தோள்ல தோள் பட்டாத்தான் அழுவ வரும் தம்பி. தள்ளி ஒக்காந்து அழுவறது சினிமாக்காரங்க." ஒலிப்பதிவுக்காரர்களிடம் ஒரு விதி உண்டு. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் போல மூன்று மடங்கு, மைக்குக்கும் மைக்குக்கும் இருக்க வேண்டும். வாயிலிருந்து 15 சென்டிமீட்டரில் மைக் என்றால் இடையில் 45. தோள் படும்படி உட்கார்ந்தால் அதுகூடக் கிடைக்காது. கிடைத்த இடத்தில் வைத்தேன். எல்லார் குரலும் எல்லா மைக்கிலும் கசிந்தது. கசிவு என்பது இந்தத் தொழிலில் குற்றம். ஆனால் இந்தப் பாட்டு அந்தக் கசிவால்தான் ஆகியிருக்கிறது. ஒவ்வொரு தடத்திலும் ஒருத்தி முன்னால் இருக்கிறாள், மற்ற மூவரும் அவளுக்குப் பின்னால் இருக்கிறார்கள். பாக்தின் சொன்னதற்குப் பக்கத்தில் எங்காவது நான் போயிருந்தால் அது இந்தப் பிசகில்தான்.

பிறகு எல்லோரையும் உட்காரவைத்து ஒவ்வொரு தடமாகப் போட்டுக் காட்டினேன். கலவைத் திருகுகளை அவர்கள் கையில் கொடுத்தேன். பறையடிப்பவர் தன் பறையையே குறைத்தார். "பாட்டு கேக்கணும்ல." அடியெடுத்துக் கொடுப்பவரின் குரலை மற்றவர்களுக்கு மேலே வைத்திருந்தேன், அதை அவர்கள் சமமாக்கினார்கள். என் எம்.ஏ. படிப்பு எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்த 'தலைமைப் பாடகி' அங்கே இல்லை.

அதன் பின் அந்த மகள் பழைய பதிவையும் கேட்க வேண்டுமென்றார். இந்தமுறை இரண்டு தடத்தையும் தனித்தனியாகப் போட்டேன். பாட்டுக்காரியின் மைக்கில் தேடியும் அவர் அம்மா இல்லை. பறைக்கு வைத்திருந்த மைக்கில், அடிக்கும் அடிக்கும் இடையே, சில நொடிகள் ஒரு இழுப்பு வந்தது. எனக்குப் பிடிபடவில்லை. அவர் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். "இதான். இப்படித்தான் இழுக்கும் எங்கம்மா." யாருக்காகவோ வைத்த மைக்கில் கசிந்து விழுந்த குரல். நான் அவருக்கென்று வைத்த இடம் எதிலும் அவர் இல்லை.

எட்டுத் தடமும் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 4 ஜிபி ஆகிறது. கலக்காத தடங்களையும் பழைய பதிவின் இரண்டு தடத்தையும் ஒரு வன்தட்டில் போட்டு, ஒவ்வொரு தடத்துக்கும் அவரவர் பெயர் எழுதி, அவர்களிடமே கொடுத்தேன். நான் செய்த கலவை பிடிக்காவிட்டால் நாளைக்கு அவர்கள் பிள்ளைகள் வேறு மாதிரி கலந்துகொள்ளலாம். பெட்டி வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சேனலை எண்ணுவதற்கு முன்னால் ஆட்களை எண்ணுங்கள். எண்ணி முடித்ததும், மேசையில் யார் உட்காரப்போகிறார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள்.